கொடுத்துவிட்ட குன்று

மார்ச் 3, செவ்வாய்
காலை ஐந்து முதல் ஆறரை வரை என் நாவல். பத்து முதல் ஆறு வரை பதிப்பகத்தில் மற்றவர்களுடைய நாவல்கள். ஞாயிறு என்றால் வண்ணப்பெட்டியும் ஏரிக்கரையும். இந்த மாதம் தலைகீழாக நின்றாவது மூன்றையும் விடாமல் செய்யப் போகிறேன். பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள முழுசா குடுங்க. இல்லேன்னா இந்த வருஷம் கிடையாது." பதினோரு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் நாவல். பார்த்துவிடலாம்.

மார்ச் 5, வியாழன்
நான்கு பக்கம் எழுதினேன், மூன்றை அடித்தேன். எடிட்டர் புத்தி வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

மார்ச் 8, ஞாயிறு
ஏரிக்கு அப்பால் இருக்கும் குன்றை மறுபடியும் வரைந்தேன். என் வீட்டுக்காரர் மரத்தடியில் பேப்பரோடு உட்கார்ந்து, "அது எங்கயும் ஓடிப் போகாது, மெதுவா போடு" என்றார். குன்று ஓடாது, வெளிச்சம் ஓடுமே! நீர்வண்ணத்தில் திருத்தப் போனால் சேறாகிவிடும். எனக்கோ கை சும்மா இருக்காது. இன்றும் சேறுதான்.

மார்ச் 11, புதன்
ஏழாம் அத்தியாயம் முடிந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய என் நாயகி முதன்முதலாகக் குன்றைப் பார்க்கும் இடம். 'சூரியன் பின்னால் இருந்தும் குன்றின் அடிவாரம் வெளுத்திருந்தது. ஏரி அனுப்பிய வெளிச்சம்.' ஒரே மூச்சில் வந்தது. ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. சந்தோஷத்தில் டீயைக் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தைக் கருக்கினேன்.

மார்ச் 12, வியாழன்
மெய்ப்புத் திருத்தும் பெண்ணிடம் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தேன். "அக்கா, இது அருவி சார் நாவல்ல வருதே?" என்றாள்.

அருவி என்பது எங்கள் ஆபீஸில் ஒரு எழுத்தாளருக்கு வைத்த பெயர். எழுதிக் கொட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த அவருடைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே வரிகள். விமர்சகர்கள் எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடிய பத்தி!

பழைய கையெழுத்துப் பிரதியை அலமாரியிலிருந்து உருவினேன். அவர் எழுதியது, 'தூரத்தில் அழகிய குன்று தெரிந்தது.' அதை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் அந்தப் பத்தி. என் கையெழுத்து.

நானேதான் குடுத்திருக்கேன். குடுத்துட்டு மறந்தும் போயிருக்கேன். இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது? என் எழுத்தையே நான் காப்பியடிச்சேன்னா?

மார்ச் 13, வெள்ளி
எழுதவில்லை. இவர், "ஒரு பத்திதானே, போனா போகட்டும்" என்றார். பத்தியா அது? எத்தனை ஞாயிறு வெயிலில் உட்கார்ந்து பார்த்தது!

ஆபீஸ் அலமாரியைக் குடைந்தேன். ஒருவர் நாவலில் என் மழை, இன்னொருவருடையதில் என் தெரு. யாரும் பிடுங்கவில்லை. மற்றவர் பிரதியில் எழுதும்போது எனக்குப் பயமே இல்லை. நன்றாக இல்லாவிட்டால் பெயர் கெடுவது அவருக்கு. அதுதான் உண்மை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு
இன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு குன்றின் மறுபக்கம் போனேன். இத்தனை நாள் போகாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் கல் உடைத்து உடைத்துப் பாதிக் குன்று இல்லை. படத்துக்கு நன்றாக இருக்காது என்று ஒதுக்கியிருந்தேன்.

உட்கார்ந்து அதையே வரைந்தேன். வெட்டுப்பட்ட மஞ்சள் பாறை, நடுவில் நிற்கும் ஒற்றை லாரி. வைத்த வண்ணத்தை மறுபடி தொடவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியவள் பார்த்திருக்க வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

மார்ச் 16, திங்கள்
ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்தேன். மறுபடி முதல் வரியிலிருந்து.

மார்ச் 31, செவ்வாய்
கொடுத்துவிட்டேன். இனி பெயர் கெட்டால் எனக்குத்தான். பரவாயில்லை.

ஏப்ரல் 20, திங்கள்
காலையில் பதிப்பாளர் என் நாவலைப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். மதியம் அருவியின் புதுப் பிரதி மேசைக்கு வந்தது. நாற்பதாம் பக்கம்: 'தொலைவில் அழகிய ஏரி தெரிந்தது.' பேனா மூடியைத் திறந்துவிட்டேன். நான்கு வரி நாக்கு நுனியில் நிற்கிறது. மூடினேன்.

அருவியே போன் செய்தார். "வழக்கம்போல நீங்களே கொஞ்சம் தொட்டுக் குடுத்துடுங்கம்மா."

"எழுத்துப்பிழையெல்லாம் பாத்துடறேன் சார். இந்த ஏரியை மட்டும் நீங்க ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க."

"எந்த ஏரிம்மா?" என்று கேட்டார்.

என் ஏரிக்கு வழி சொல்லவில்லை.