ஸ்டைரோபோர் யானைகளும் உன் மண்மூட்டைகளும்

என் அன்பு மச்சான் குலத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் பனி விழாது என்று நம்பி எழுதுகிறேன். விழுந்தால், பாரத்தை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது என்று அங்குள்ளவர்களுக்கு இதற்குள் வகுப்பெடுக்கத் தொடங்கியிருப்பாய். அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

முதலில் நல்ல செய்தி. உன் ஆண்டுத் திவசம் முடிந்து, தை பிறந்து, தர்ஷிகாவுக்குக் கலியாணமும் ஆயிற்று. மணவறை எங்களுடையதுதான். உன் மகளுக்கு வேறு எவனிடமாவது வாடகைக்கு எடுத்திருந்தால் நீ கனவில் வந்து தூணை ஆட்டிப் பார்த்திருப்பாய்.

இந்தத் தொழில் தொடங்கிய காலம் நினைவிருக்கிறதா? இரண்டாயிரத்து ஒன்பதில் ஜெனீவாச் சதுக்கத்தில் நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கத்தி, இரண்டு பேருக்கும் தொண்டை போயிருந்தது. திரும்பும் ரயிலில் நீ கிசுகிசுத்தாய்: "மச்சான், கத்தினது காணும். இனி ஆக்களுக்குக் கலியாணம் கட்டிவைப்பம்." அடுத்த பனிக்காலத்தில் எங்களிடம் ஒரு பழைய பிக்கப்பும் ஒரு பெருங்கோயிலும் இருந்தன. கோயில் என்றது மணவறைதான், தூணும் யானையும் முழுக்க ஸ்டைரோபோர். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைச் சாமான், கருங்கல் நிறம் பூசியது. யானையை ஒரு கையால் தூக்கலாம்.

சிக்கலும் அதுதான். பார்க்கிறவனுக்கு எங்கள் வண்டி ஓர் இராச்சியத்தையே சுமந்து போகும். பின்சில்லுக்கோ தன் முதுகில் எதுவும் இருப்பதாகவே தெரியாது. வண்டியை இழுக்கிறது பின்சில்லு. மேலே பாரம் இல்லாவிட்டால் பனியில் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுற்றும். நீ இதற்கு எங்கள் சங்கங்கள் சிலவற்றை உதாரணம் சொல்வாய்.

ஆகவே மண்மூட்டை. காய்ந்த மணல், இரட்டைப் பை. ஈரம் பட்டால் உறைந்து கல்லாகிவிடும். வைக்கிற இடம் சரியாகப் பின் அச்சுக்கு மேலே. நீ சொல்வாய்: "கதவடியில வைக்காதை, வண்டி மூக்கைத் தூக்கும். இறுக்கிக் கட்டு. கட்டாட்டி, பிரேக் அடிக்கேக்க மூட்டை எங்களுக்கு முதல் மண்டபத்துக்குப் போகும்." பனிக்கால ரயர் போட்டிருக்கிறோமே என்றால், "சப்பாத்து நல்லதுதான். உள்ளுக்குக் கால் வேணுமெல்லோ" என்பாய்.

கலியாண மண்டபத்தில் முதல்நாள் வேறு விருந்து. அதனால் அன்று விடியத்தான் வின்டர்தூரில் வண்டியில் சாமான் ஏற்றினோம். உன் இடத்தில் நின்று தாரை வார்க்க உன் அண்ணையையும் அவர் மனைவியையும் குடும்பத்துப் பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். உன் வசந்தி பின்வரிசையில் இருப்பதென்றும் தீர்மானம். ஒருவரும் அதை அவளிடம் நேரே சொல்லவில்லை. சுவரோடு சுவராகத் தெரிகிற நிறத்தில் ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

உன் அண்ணை பின்பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"உதென்ன மூட்டையள்?"

"குலத்தின்ரை, அண்ணை. பனிக்கு."

"செத்தவன்ரை சாமானோ? மங்கலக் காரியத்துக்குப் போற வாகனமடா. இறக்கு."

"உது இல்லாட்டி வண்டி பனியில ஏறாது."

"ஒரு கோயிலே ஏத்தியிருக்கு. அந்தப் பாரம் காணாதோ?"

மேலே வானம் நீலமாக இருந்தது. முகூர்த்த நாளில் பெண்ணின் பெரியப்பாவோடு வாதாடி வென்றவன் எங்கள் இனத்தில் இன்னும் பிறக்கவில்லை. இறக்கினேன்.

பீல் நகரம் தாண்டியதும் பனி தொடங்கியது. மண்டபம் லா ஷோ-து-ஃபோனில், ஒரு நீண்ட ஏற்றத்தின் உச்சியில். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. முகூர்த்தம் பிந்தினால் அதைக் கழற்றி உள்ளே பார்க்கிற ஆட்கள். ஏற்றத்தின் பாதியில் பின்சில்லு சுற்றத் தொடங்கியது. பிறகு வண்டி மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், பக்கவாட்டில் கீழே போனது. சத்தமே இல்லை மச்சான். உலகம் முழுக்க வெள்ளை. கண்ணாடியில் பார்த்தேன்: தறப்பாள் விலகி, தலையில் பனியோடு ஒரு யானை எனக்குப் பின்னால் மிதந்து வந்துகொண்டிருந்தது. நான் இருப்பது உன் பக்கமா, இவர்கள் பக்கமா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு யானைக்கு "போன்ஜூர்" சொன்ன பிறகுதான் இவர்கள் பக்கம் என்று நிச்சயமாயிற்று. வண்டி தெருவோரப் பனிக்குவியலில் சாய்ந்து நின்றது.

பின்னால் வந்த கார்கள் நின்றன. உன் அண்ணை பட்டு வேட்டியும் மினுங்குகிற சப்பாத்துமாக இறங்கி, "தள்ளுங்கோ" என்றார். தள்ளியவர்கள் விழுந்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

வசந்தி தன் காரிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள்.

"மூட்டையள் என்ரை காருக்குள்ள கிடக்கு, அத்தான். நீங்கள் இறக்கினாப் பிறகு நான் ஏத்தினனான்."

"தனியவோ தூக்கினனீ?" என்றேன்.

"கடைசி ஆறு மாசம் அவரைத் தூக்கினனான். இது என்ன பாரம்?"

எல்லாரும் காரின் பின்கதவடிக்குப் போனோம். பூட்டியிருந்தது. திறப்பு அவள் கைக்குள்.

"மூட்டை வண்டியில ஏறட்டும். நான் என்ரை பிள்ளைக்குப் பக்கத்தில மணவறையில ஏறுவன். சம்மதமெண்டால் திறப்பைத் தாறன்."

உன் அண்ணை ஏற்றத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், சம்பிரதாயம் என்ன சொல்கிறது என்று வானத்தைப் பார்த்தார். வானத்திலிருந்து பனிதான் வந்தது.

"சரி பிள்ளை. திற."

யானைகளை நகர்த்தி, அச்சுக்கு மேலே அடுக்கிக் கட்டினோம். ஒரு மூட்டையை வெட்டிச் சில்லுகளுக்கு முன்னால் தூவினேன். மணல் அப்படியே காய்ந்திருந்தது. வண்டி ஒருமுறை முனகிவிட்டு ஏறியது. உன் மணலில் ஒரு பங்கு இப்போது அந்தத் தெருவில் கிடக்கிறது. வசந்த காலத்தில் நகரசபை கூட்டி எடுக்கும். அவர்கள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் மணவறையை நிமிர்த்தினோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றுப் புகுந்து தூண்கள் ஆடின. உன் அண்ணைக்கு அதுவரை தெரியாத விஷயத்தை அப்போதுதான் சொன்னேன்: எங்கள் மணவறைகள் ஒன்றும் தானாக நின்றதில்லை. வண்டியிலிருந்து இறக்கிய மூட்டைகளுக்கு நீ சிவப்புப் பட்டுச் சுற்றித் தூண்களுக்குப் பின்னால் அண்டை கொடுத்து நிறுத்துவாய். சனம் யானையைப் பார்த்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு மூட்டையைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார்.

"இவனை எங்கையடா வைக்கிறது?"

"பெண்ணுக்குப் பின்னாலை, அண்ணை."

முகூர்த்தம் பிந்தவில்லை. அவர் தாரை வார்த்தார். பக்கத்தில் வசந்தி நின்றாள், அந்தச் சுவர் நிறச் சேலையோடு, சுவரை விட்டு வெகுதூரத்தில். மணவறையைச் சுற்றி வரும்போது தர்ஷிகா குனிந்து ஒரு சிவப்பு மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வீடியோக்காரத் தம்பி அது என்ன சடங்கென்று கேட்டான். யாழ்ப்பாணத்து வழக்கம் என்று சொல்லிவைத்தேன். அடுத்த கலியாணத்தில் எங்களிடம் மூட்டை கேட்பார்கள், பார்.

மச்சான், நீ ஒவ்வொரு சித்திரையிலும் டீசல் வீணென்று மூட்டைகளை இறக்கிவிடுவாய். இந்தச் சித்திரையில் இறக்க மாட்டேன். வண்டி குடிக்கிறதைக் குடிக்கட்டும். நான் ஓட்டுகிற வரைக்கும், கோடையோ பனியோ, நீ பின் அச்சுக்கு மேலே இருப்பாய். இறுக்கிக் கட்டித்தான் வைப்பேன்.

இப்படிக்கு,
யானையின் மற்றப் பக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் மச்சான்