உன் தட்டுக்கு வராத உளுந்தும் பயறும்

என் கூடப் பிறந்த செந்திலுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. குடமுருட்டியில் இந்த வருஷமும் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். நடவு நடக்கிற பக்கம் நான் போகவில்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நம் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை தெரியாது. பால் குடிக்காததால் நீ செத்தாய் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது இல்லை, தம்பி.

என் வீட்டுக்காரர் இறந்தபின் நான் வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் நம் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். அப்போது நீ வளைகுடாவில் இருந்தாய். பாலைவனத்து நடுவில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை என்பதால் ஏஜென்ட் உன்னை அதற்கு அனுப்பினார். தெரிந்த வேலைதானே என்று போனில் சிரித்தாய். நாலு வருஷம் கழித்து நீ திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாய்.

நீ வருவதற்கு முதல் நாள்தான் நம் செவலைப் பசு கன்று போட்டிருந்தது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி உன் முன்னால் வைத்தேன். சின்ன வயதில் அதற்காக என்னோடு சண்டை போட்டவன் நீ. தொடவே இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பண்ணையைப் பற்றிச் சொன்னாய். பிறந்த கன்றுகளை அன்றே வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போவதுதான் உன் வேலை. தாய்மாடு கம்பி ஓரமாகவே, கம்பி முடிகிற இடம்வரைக்கும் கூட வருமாம். இரண்டாம் வருஷத்திலேயே பாலையும் கறியையும் விட்டுவிட்டாய். அங்கே ரொட்டியும் பருப்புத் தண்ணீரும் மட்டும்தான் உனக்குச் சாப்பாடு. அதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் என்ன செய்தேன்? பாலை நிறுத்தினேன், மோரை நிறுத்தினேன், நெய்யை நிறுத்தினேன். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. சோறு, ரசம், அப்பளம். நான் மீன் குழம்பு வைக்கிற நாளில் உனக்கு ஊறுகாய். தானாக மாறிவிடுவாய் என்று நினைத்தேன்.

திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது பந்தியில் நீ வெறும் சோற்றையும் ரசத்தையும் சாப்பிட்டுவிட்டு, பாயசம் வந்ததும் இலையைக் கையால் மறைத்தாய். அத்தை எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, தம்பிக்குச் சோறு போடுகிறாயா இல்லையா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தில் உன்மேல் உள்ள அக்கறை கொஞ்சம்தான். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாளிலிருந்து கலக்க ஆரம்பித்தேன். பருப்பில் ஒரு கரண்டி வெண்ணெய். கீரையில் கொஞ்சம் பால். உன் முகத்தில் தெளிச்சல் வந்ததாக எனக்கே தோன்றியது. ஒரு மாதம் ஓடியது. பொங்கலுக்கு முந்தைய வாரம், தண்ணீர் குடிக்க வந்த நீ அடுப்படி வாசலில் நின்றுவிட்டாய். வெண்ணெய்க் கரண்டி என் கையில் இருந்தது.

"எத்தன நாளாக்கா?" என்றாய்.

"ஒரு மாசமா. ஒன் நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்."

"அங்கயும் இதத்தான் சொல்லுவாங்க, கன்னுக்குட்டிய ஏத்தும்போது." நீ சத்தம் போடவில்லை. "இனிமே எனக்கு ஆக்க வேணாம்க்கா. நானே பாத்துக்கறேன்."

நீ சத்தம் போட்டிருக்கலாம்.

அதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. உனக்குச் சமைக்கவும் தெரியாது, வயலிலிருந்து வந்தால் நேரமும் இருக்காது. ஒரு குண்டானில் சோறு வடிப்பாய். உப்பும் ஊறுகாயும், சில நாள் கடையில் வாங்கிய ரசப்பொடி. என் கை பட்ட எதையும் தொடவில்லை. ஒரு வாரத்தில் அலுத்துப்போய் வந்துவிடுவாய் என்று காத்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன், செந்தில். இறங்கி வந்து பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பங்குனியில்தான், அறுவடைக்கு முன் வயல் ஈரத்தில் நீயே தெளித்த உளுந்தும் பயறும் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வந்தன. கூடத்தில் அடுக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உப்புச் சோறு சாப்பிட்டாய். அதிலிருந்து ஒரு ஆழாக்கு எடுத்து ஊறவைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வியாபாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். கொல்லையில் முருங்கைக்கீரை முற்றி உதிர்ந்து கிடந்தது.

கார்த்திகையில் நீயாகவே என்னிடம் வந்து, தரையில் கால் வைத்தால் பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றாய். அந்தப் பத்து மாதத்தில் நீயாகப் பேசிய முதல் பேச்சு அது. அதற்கும் நான் சொன்னது ஒன்றுதான்: "ஒரு டம்ளர் பாலக் குடி, எல்லாம் சரியாப் போயிடும்." நீ திரும்பிப் போய்விட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று ஏன் என் வாயில் வரவில்லை?

மாசியில் ஒரு காலையில் உன்னால் எழுந்து நிற்க முடியவில்லை. வேன் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். ஊசிமேல் ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அதற்குள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பால விட்டதுல தப்பே இல்லம்மா. எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க. ஆனா இவரு அதுக்குப் பதிலா எதையுமே சாப்பிடலயே," என்றார். பி பன்னிரண்டு என்ற சத்து இலை தழையில் கிடைக்காதாம், அதை மாத்திரையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, அந்த மாத்திர போதும்."

எட்டாம் நாள் உனக்குப் பயற்றங்கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து பார்த்தாய். "என்னக்கா போட்ருக்க?" என்றாய். சத்தியமாக ஒன்றும் போடவில்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு மூடியை மூடி, "அப்பறம் சாப்புடறேன்க்கா," என்றாய். மறுநாள் நீ இல்லை. அன்றைக்கு நீ என்னை நம்பினாயா, செந்தில்? பசி இல்லாமல்தான் மூடினாயா?

இதற்கப்புறமும் ஒன்று நடந்தது. இரண்டாம் நாள் காட்டுக்குப் பால் தெளிக்கக் கிளம்பினார்கள். மாமா என்னிடம் சொம்பை நீட்டினார். நான் போய்ச் செவலையிடம் கறந்து, நிரப்பிக் கொடுத்தேன். உன் சாம்பல்மேல் பாலை ஊற்றினார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது காலிச் சொம்பு என் கைக்கு வந்தது. அன்றோடு நானும் விட்டேன், பாலையும் மீனையும் கறியையும்.

விட்டு என்ன? நானும் உன்னைப்போலவே சோறும் ரசமும்தான். இரண்டு மாதத்தில் முடி கொத்தாக வந்தது, கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்தேன். அதே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்லித்தருகிற பானு என்ற நன்னிலத்துப் பெண் இருக்கிறாள். முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். சொன்னேன். இட்லி, சோறு, மறுபடி சோறு.

"எல்லாமே வெள்ளையா இருக்கேக்கா," என்றாள். பிறகு மெதுவாக, "துக்கத்துக்குப் பத்தியம் இருக்கீங்களா, இல்ல உசுரோட இருக்கச் சாப்புடறீங்களா?" என்றாள்.

அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தினம் ஒரு பயறு, அதுவும் மாற்றி மாற்றி. கீரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்பு உடம்பில் சேருமாம். சாப்பிட்ட உடனே டீ குடிக்கக் கூடாது. எலும்புக்குக் கேழ்வரகும் எள்ளும். ஒரு பிடி வேர்க்கடலை. மஞ்சளும் சிவப்புமாகக் காய்கறி. ஒரே காயை வாரம் முழுக்க ஆக்கக் கூடாது. அந்த மாத்திரையை மட்டும் மறக்கவே கூடாது. படித்துக்கொண்டே வந்தேன். மாத்திரையைத் தவிர எல்லாம் நம் வயலிலும் கொல்லையிலும் வலங்கைமான் கடைத்தெருவிலும் இருப்பவை.

போன வாரம் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள் பானு. அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எனக்குச் சரியானது உனக்கும் சரியாகியிருக்கும். அந்தத் தாளுக்கு வேறு என்ன அர்த்தம்?

மாடுகளை நான் விற்கவில்லை. கறந்து சொசைட்டிக்கு ஊற்றித்தான் பிழைக்கிறேன், வேறு வழி தெரியவில்லை. விற்றால் அவை எங்கே போகும் என்பது உனக்கே தெரியும். வைத்திருந்தால் உனக்குத் துரோகம், விற்றாலும் துரோகம். நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

நன்றாகச் சாப்பிடுகிறேனே தவிர, எதுவும் ருசிக்கவில்லை. மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, கொடுக்க நீ இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டிருக்கிறேன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிடுவேன். நம் வீட்டில் இன்னொருவர் பட்டினியில் சாகமாட்டார்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற,
உன் அக்கா
வசந்தா