அடியில் வெட்டிய பேர்

2024 நவம்பர் 10, ஞாயிறு

ஹனிபா பாயின் பழைய சாமான் கடையில் இன்று ஒரு கூஜா வாங்கினேன். பித்தளை. அரை லிட்டர்கூடப் பிடிக்காது. திருகு மூடி இத்தனை வருஷம் கழித்தும் சிக்காமல் சுற்றுகிறது. "நேத்தே ஒருத்தரு கேட்டாரு ஆச்சி, ஒங்களுக்குன்னு ஒளிச்சு வச்சேன்" என்றார். எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார். இருந்தாலும் காதுக்குச் சுகமாக இருந்தது.

நான் முதலில் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பேன். உளி வைத்துப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. கா.லெ. சிவகாமி. எந்த ஊர்ச் சிவகாமியோ, அவள் கல்யாணத்துக்கு ஆத்தா வீட்டில் பேர் வெட்டிக் கொடுத்த சீர்ச் சாமான். பேரப்பிள்ளைகள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இதோடு என்னிடம் முப்பத்தொன்று. தூக்கு, கூஜா, சம்படம், டிபன் கேரியர் – எல்லாம் சின்னது, எல்லாவற்றிலும் ஒரு பெண் பேர் உண்டு. பேர் இல்லாததை நான் வாங்குவதில்லை.

வாசலில் அண்ணன் பெண்டாட்டி நாச்சியார் பார்த்துவிட்டாள். "இன்னொரு ஓட்டை ஒடசலா? மாடி இடிஞ்சு விழப் போகுது சாலா." விழட்டுமே. அவள் தலையிலா விழுகிறது?

நவம்பர் 13

சிவகாமியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அப்படியே உமையாளின் தூக்கையும் தேய்த்தேன்; கைப்பிடி கழன்றபோது ஹனிபா பாய் செப்பு ஆணி அடித்துக் கொடுத்த தூக்கு.

நவம்பர் 24

அண்ணன் மகள் மீனுவுக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கீழச்சிவல்பட்டி, வேலை பெங்களூரில். தையில் கல்யாணம். பிள்ளை ஓடி வந்து, "அயித்தை, நீங்கதான் எனக்குச் சேலை எடுக்கணும்" என்று கட்டிக்கொண்டது. சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

கல்யாணம் ஆனால் மாப்பிள்ளையும் மீனுவும் சேர்ந்து ஒரு புள்ளி, கோயில் கணக்கில் தனிக் குடும்பம். அவர்கள் கோயிலில் பேர் ஏறும். நாற்பத்தேழு வயதாகியும் நான் எந்தக் கோயில் ஏட்டிலும் புள்ளி இல்லை. கல்யாணம் ஆகாதவள் கணக்கில் வர மாட்டாள். ஆத்தா எனக்கென்று வாங்கிச் சேர்த்த சாமான் இரண்டு மரப்பெட்டி நிறைய இருந்தது. "பேரு வெட்டிறலாம் ஆத்தா" என்று நான் கேட்டபோதெல்லாம், "மாப்பிள்ளை அமையட்டும், சேத்து வெட்டிக்கலாம்" என்பாள். அமையவில்லை. வெட்டவுமில்லை. ஆத்தா போன மறு வருஷம் அண்ணன், வீட்டுச் சாமானை எல்லாம் விற்றபோது அந்த இரண்டு பெட்டியும் லாரியில் ஏறிவிட்டது. "பேரு ஒன்னும் இல்லையே, பொதுச் சாமான்னுல்ல நெனச்சேன்" என்றார். நினைச்சாராம்!

டிசம்பர் 15

நாச்சியார் மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு தட்டு மாவுருண்டை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் வீட்டில் சாமான் பரப்புவார்கள். சீர் வரிசை முழுவதையும் ஹாலில் பரப்பி வைப்பது, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பது. "அவுக வீட்ல பழைய சாமான்னா உசுராம். எவர்சில்வரா அடுக்குனா நல்லாவா இருக்கும்? ஒஞ் சாமானைக் கொஞ்சம் குடேன். ஒரே ஒரு நாளு. பரப்பிட்டு, ஒன்னு கொறையாம மாடிக்கு வந்துரும்" என்றாள்.

உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ஏன்? மீனுவுக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. நாலு பேர் பார்க்கட்டுமே என்றிருந்தது. கானாடுகாத்தான் ஹோட்டலில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்களுக்கு யார் யார் வீட்டுச் சாமானையோ பெருமையாகக் காட்டுகிறேன். என்னுடையதை இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. சாலா சேர்த்ததா என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். கிறுக்கு.

டிசம்பர் 18

பாலீஷுக்குக் கொடுக்க வேண்டுமாம், எடுத்துப் போய்விட்டாள். நானே ஒவ்வொன்றையும் துணி சுற்றிக் கொடுத்தேன்.

2025 ஜனவரி 8

இன்னும் பாலீஷ் முடியவில்லையாம். அலமாரியைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஜனவரி 30

எழுதிவிட்டால் தூங்கலாம்.

ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பரப்பியிருந்தார்கள். என் சாமான் எல்லாம் நடுவில், தங்கம் மாதிரி. மாப்பிள்ளையின் ஆத்தா ஒரு சம்படத்தைக் கையில் எடுத்து, "இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் வச்சுருக்காக? பொத்திப் பொத்திப் பாதுகாத்துருக்கீகளே!" என்றார். நாச்சியார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எல்லாம் எங்க மாமியா சாமான். பேத்திக்குன்னே வச்சுட்டுப் போனாக" என்றாள்.

எங்க ஆத்தா சாமானா? அதைத்தான் லாரி ஏத்தி வித்தீகளே!

மனசுக்குள்தான் கத்தினேன். பக்கத்தில் இருந்த கூஜாவைச் சும்மா எடுத்துத் திருப்பினேன். சிவகாமி இல்லை. அரத்தால் வழவழவென்று ராவியிருந்தது. ராவிய இடத்தில் மிஷின் எழுத்து, மு.அழ. மீனாட்சி. அடுத்ததை எடுத்தேன். மீனாட்சி. அதற்கடுத்ததும் மீனாட்சி. அலமேலு, தெய்வானை, வள்ளியம்மை, ஒருத்தியையும் காணோம்.

அண்ணன் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே கெஞ்சினார். மணமேடைக்கு வாங்கி வைத்த பூ ஒரு பக்கம் மணக்கிறது. மீனு பட்டுக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கூஜாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பிப்ரவரி 3

கேட்டேன். நாச்சியாரிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணமிண்டி, எஞ் சாமானு?"

"என்ன பேச்சு பேசுற சாலா? பரப்புன சாமானைத் திருப்பிக் கேட்டா ஊரு சிரிக்காதா? அதான் பொண்ணோட போயிருச்சே."

"ஒரு நாளுன்னீக."

"மீனு யாரு, ஒனக்கு மக மாதிரி இல்லையா? நீ வச்சு யாருக்குக் குடுக்கப் போற?"

கடைசியில் அதுதான். யாருக்குக் குடுக்கப் போற. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, தேங்காய்க்காரியைப் பார்த்து உனக்கு எதற்குத் தேங்காய் என்கிறாள். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

பிப்ரவரி 16

ஹனிபா பாய் கடைப் பக்கம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பேரை ராவிவிட்டார்கள் என்றதும் உச்சுக்கொட்டினார். "அட அல்லாவே, பேருக்குத்தானே ஆச்சி அதுக்கு மவுசு. ராவிட்டா வெறும் பித்தளை." உள்ளே போய் ஒரு தூக்கை எடுத்து வந்து, "காசு வேணாம், கொண்டு போங்க" என்றார். அவருடைய இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9

காலி அலமாரியில் மாத்திரை, போன் சார்ஜர், பழைய குடை.

ஜூன் 22

மீனு போனில் பேசியது. "அப்பத்தா சாமானை எல்லாம் எங்க மாமியா கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாக அயித்தை. வர்றவுக போறவுகளுக்குக் காட்டுறாக. எங் கையில ஒன்னுகூடக் குடுக்கல." பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "பத்தரமா இருந்தாச் சரிடி" என்றேன். சொல்லாததற்கு நான் நல்லவள் என்று அர்த்தமில்லை. சொன்ன பிறகு யாரும் எதுவும் செய்யவில்லை என்றால் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

அக்டோபர் 20, தீபாவளி

அண்ணனும் நாச்சியாரும் ஜோடியாக மாடி ஏறி வந்தார்கள். தட்டில் பலகாரம், சேலை, நடுவில் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு பித்தளைத் தூக்கு.

"ஒனக்குன்னு பேரு வெட்டி வாங்கியாந்தோம். ஒங்க அண்ணனுக்கு மனசு கேக்கல" என்றாள் நாச்சியார்.

திருப்பிப் பார்த்தேன். மு. விசாலாட்சி. முழுப் பேரும்.

கண் நிறைந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் அழுதேன், வெட்கமில்லாமல். அண்ணன் என் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஜன்னலோரம் கொண்டு போனபோதுதான் கைப்பிடியில் அந்தச் செப்பு ஆணியைப் பார்த்தேன். ஹனிபா பாய் எனக்காக அடித்துக் கொடுத்த ஆணி. விரலால் அடியைத் தடவினேன். விசாலாட்சியின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், சரியாக ராவாமல் விட்ட மூன்று புள்ளி.

இது உமையாளின் தூக்கு. என் தூக்கு. எட்டு வருஷத்துக்கு முன் நான் என் சம்பளத்தில் வாங்கியது. கீழச்சிவல்பட்டிக்குப் போகாமல் எப்படியோ பெட்டியில் தங்கியிருக்கிறது. அதில் என் பேரை வெட்டி எனக்கே சீர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கீழே போய் அவள் முகத்தில் எறிய வேண்டும். எழுந்து படி வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து, அடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மு. விசாலாட்சி. எழுத்து அழகாக இருக்கிறது. சீ, என்ன பிறவி நான்.

அக்டோபர் 22

ஹோட்டலுக்கு அந்தத் தூக்கில்தான் சாதம் கொண்டுபோனேன். கூட வேலை பார்க்கும் ஃபர்சானா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பேரெல்லாம் வெட்டியிருக்கு! யாரு குடுத்தாகக்கா?"

"எங்க அண்ணன். தீபாவளிச் சீரு" என்றேன்.