ஆறு மில்லிமீற்றர் துளை

செப். 15, திங்கள்

வெயில். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. கொம்பியூற்றர் சொன்னபடி பிளாஸ்ரிக் வெட்டும் என் சின்ன மெஷினின் மேசை முழுக்க மணல், துடைத்தேன். கத்தியைச் சுற்றும் புது ஸ்பிண்டில் பூட்டி இன்றோடு பத்து நாள். நிமிடத்துக்கு 24,000 சுற்று. பழையது பத்தாயிரத்திலேயே மூச்சு வாங்கும். கந்தோரில் எல்லாருக்கும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கந்தோரில பிளான் கீறுறாய், வீட்டுக்கு வந்து பிளாஸ்ரிக் கீறுறாய்," என்றார் அன்ரன். கணவன் என்றால் இப்படித்தான். ஆனால் மெஷின் ஆடாமல் நிற்க இரும்புச் சட்டம் ஒட்டித் தந்ததும் அவர்தான்.

பின்னேரம் சபீனா வந்தாள். பக்கத்து வீட்டு ரஹீம் நானாவின் மகள். ஞாயிறு அவளுக்குக் கல்யாணம். முகத்தில் கல்யாணக் களை இல்லை. கையில் வாப்பாவின் 'மைக்'.

(பின்னொரு நாள் வாசித்தால் விளங்க எழுதி வைக்கிறேன்: நானாவுக்குத் தொண்டையில் புற்று. நான்கு வருடத்துக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். டோர்ச் லைற் அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் அழுத்தினால் அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வரும்.)

சிமெந்துத் தரையில் விழுந்துவிட்டதாம்.

"ஜெசிந்தாக்கா, ரெண்டு நாளா வாப்பா கொப்பியில எழுதித்தான் கதைக்கிறார். கொழும்பில கேட்டனாங்கள். சாமான் வர ஆறு கிழமையாம்."

திறந்து பார்த்தேன். உள்ளே சின்ன உலோகத் தண்டு ஒன்று முன்னும் பின்னும் ஓடி மூடியைத் தட்ட வேண்டும். அது ஓடுகிற பிளாஸ்ரிக் வளையம் வெடித்திருக்கிறது. வேறு பழுதில்லை. ஒரு வளையம்தான்.

"பாக்கிறன்" என்றேன். "செய்து தாறன்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

செப். 16, செவ்வாய்

கந்தோரிலிருந்து நேரே மெஷினடிக்கு. சோறு வைக்கவில்லை. பாண், சம்பல்.

தண்டு 6.00 மி.மீ. துளை 6.03 வர வேண்டும். கூடினால் தண்டு கடகடக்கும், குறைந்தால் இறுகிவிடும். தலைமயிரில் பாதிதான் இடைவெளி.

முதல் வளையம் 6.12. இரண்டாவது 6.10. மூன்றாவது அளக்கவே முடியாது: பிளாஸ்ரிக் உருகி, கத்தியில் தும்பு முட்டாஸ் இனிப்பு மாதிரி இழை இழையாகச் சுற்றிக்கொண்டது. ஒரு 2 மி.மீ. கத்தி முறிந்தது. இனி இரண்டுதான் மிச்சம்.

நானா வந்து கதிரையில் இருந்தார். வாய் அசைந்தது, சத்தமில்லை. கொப்பியில் எழுதிக் காட்டினார். நிக்காஹ் நேரம் பெண்ணின் வாப்பா, மாப்பிள்ளையைப் பார்த்து "என் மகளை உமக்குத் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். நானாவுக்குப் பதிலாகத் தானே சொல்லலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று மௌலவி சொல்லியிருக்கிறார். அதன் கீழே: "நல்ல மனுசன். ஆனா என்ட மகள நான்தான் என்ட வாயால குடுக்க வேணும்." 'நான்தான்' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு.

நான் தலையாட்டினேன். உள்ளே பயம்.

செப். 17, புதன்

புழுக்கம். வேலையில் மனமில்லை. மடுப் பக்கத்துப் பாலம் ஒன்றின் வரைபடத்தில் அளவு பிழையாகப் போட்டுக் கந்தோர்ப் பெரியவரிடம் ஏச்சு.

மகள் டிலானி பிறந்த அன்றைய நாள் நினைவு வந்தது. கொட்டுகிற மழை, வாகனம் கிடைக்கவில்லை. நானா தன் மீன் லொறியில் என்னை ஏற்றினார். கோர்ன் பழுது, அடிக்காது. தலைமன்னார் றோட்டு நெடுக ஜன்னலால் தலையை வெளியே போட்டுக் கத்திக்கொண்டே ஓட்டினார்: "வழி விடுங்கோ! பிள்ளைப்பேறு! வழி விடுங்கோ!" துறையில் மீன் ஏலம் கூறிய குரல். நோவுக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குரல் இப்போது எங்கும் இல்லை. பதிலுக்கு நான் என்ன செய்திருக்கிறேன்? கிறிஸ்மஸுக்குக் கேக்.

பின்னேரம் கத்தியில் ஆட்டம் அளக்கும் டயல் கேஜ் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினேன். முள் 0.08 ஆடியது. வெட்கமாய்ப் போயிற்று. கத்தி தன் இடத்தில் நிற்காமல் தள்ளாடிக்கொண்டே வெட்டுகிறது. துளை பெருக்காமல் என்ன செய்யும்? இத்தனை நாளாக வேகத்தைச் சொல்லிப் பெருமையடித்தேனே தவிர, ஒரு தரம்கூட இதை அளந்து பார்க்கவில்லை. வேகமாகச் சுற்றுவது வேறு, நேராகச் சுற்றுவது வேறு.

அன்ரனிடம் சொன்னேன், ஸ்பிண்டிலே பழுதுபோல என்று.

"போட் எஞ்சினில காத்தாடி ஆடினா எஞ்சினையா மாத்துறம்? முதல்ல கழட்டித் துடை. உள்ளுக்கு விரலை விட்டுப் பார்."

செப். 18, வியாழன்

அரை நாள் லீவு.

கத்தியைக் கவ்விப் பிடிக்கும் கொலெற்றைக் கழற்றினேன். அது போய் அமரும் கூம்புக்குள் விரலை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. அன்ரன் விட்டார். முப்பது வருடம் எஞ்சின் தொட்ட விரல். "இந்தா, இதில." பொட்டளவு துரு. இரண்டு கிழமைக்குள் உப்புக் காற்று செய்த வேலை.

மண்ணெண்ணெய், பழைய துணி, அரை மணித்தியாலம். கொலெற்றையும் கழுவினேன். பூட்டி மறுபடி அளந்தேன். 0.01.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்ரன் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். என் வாழ்நாளில் மூன்றாவது தரமாக இருக்கும்.

வேகத்தையும் 12,000க்கு இறக்கினேன். கத்தி ஓரிடத்தில் நின்று தேய்க்காமல் கெதியாக நகர வைத்தேன். பிளாஸ்ரிக் உருகவில்லை. வெள்ளைச் சுருள் சுருளாக வந்தது, தேங்காய்ப்பூ மாதிரி.

6.05. பிறகு 6.04. கரண்ட் போய்விட்டது.

செப். 19, வெள்ளி

விடிய ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஸ்பிண்டிலைச் சும்மா இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினேன். பிறகு வெட்டினேன். 6.03. மூன்று தரம் அளந்தேன். 6.03, 6.03, 6.03. யேசுவே.

ஜும்மா தொழுகை முடிந்து நானாவும் சபீனாவும் வந்தார்கள். நானும் கந்தோரில் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வளையத்தைப் போட்டு மூடியைத் திருகினேன். நானா கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"சபீனா, ஆட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சா?"

அதுதான் முதல் பேச்சு! சபீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். "ஓம் வாப்பா, சொல்லியாச்சு."

"எத்தின ஆடு?"

"ஆறு வாப்பா."

"காணாது."

போகும்போது நானா என் தலையில் கை வைத்தார்.

செப். 20, சனி

மேலதிகமாக இரண்டு வளையம் வெட்டினேன். 6.03, 6.03. பஞ்சில் சுற்றி, வெறும் மாத்திரை டப்பாவில் போட்டு அனுப்பினேன். கூம்புக்கு எண்ணெய். மெஷினுக்கு, லொறி மூடும் பழைய படங்குத் துண்டால் உறை தைத்தேன்.

செபமாலை சொல்ல இருந்தேன், நன்றி சொல்வதிலேயே நேரம் போயிற்று. அன்ரனின் விரலுக்கு. மண்ணெண்ணெய்க்கு. முறியாமல் நின்ற கத்திக்கு. ஐந்து மணிக்கு வந்த கரண்டுக்கு. என்னால் ஆகும் என்று நினைத்து வந்த சபீனாவுக்கு.

சாரி அயன் பண்ண வேண்டும்.

செப். 21, ஞாயிறு

முதல் பூசை கண்டு, நேரே கல்யாண வீடு. முன் மண்டபத்தில் ஆண்கள், உள்ளறையில் நாங்கள். நடுவில் திரை. நான் சபீனாவின் பக்கத்தில். அவள் கை நெருப்பாய்ச் சுட்டது.

மௌலவி ஓதி முடித்தார். நானாவின் கருவி உறுமியது. சொன்னார். உடனே சாட்சிக்கு இருந்த பெரியவர்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஃபான் சத்தத்தில எனக்குச் சரியாக் கேக்கேல்ல."

வளையமோ? இறுகிவிட்டதோ?

மௌலவி சொன்னார்: "எல்லா ஃபானையும் நிப்பாட்டுங்கோ. அவர் சொல்லட்டும்."

ஒவ்வொன்றாக நின்றன. குழந்தைகளும் அடங்கினார்கள். நானா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"என்ட மகள் சபீனாவ, உமக்கு, நிக்காஹ் செய்து தந்தேன்."

கடகடப்பில்லை. ஒரு எழுத்தும் விழவில்லை. மாப்பிள்ளையின் பதில்தான் நடுங்கியது.

"வாப்பாட குரல்," என்றாள் சபீனா, எனக்கு மட்டும் கேட்க.

ஃபானைத் திரும்பப் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கூடியிருந்து சாப்பிடும் சகன் தட்டுகள் வரும்வரை எல்லாரும் வியர்த்து ஒழுகிக்கொண்டு இருந்தோம்.