மேம்பாலத்துக்காக நான் எழுதாத கடிதம்

அன்பு மகள் ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. நானும் நாயும் சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. அலாஸ்காவில் இப்போது வெயில் நீண்டிருக்கும், நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், இரண்டு தடவையும் நாயைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டும், எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அவசரமில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

நம் தொகுதி உறுப்பினர் வாஷிங்டனில் சொல்லி, ஊர் வேலைகளுக்கென்று தனியாக நிதி ஒதுக்க வைக்கலாம் அல்லவா, இந்த வருஷம் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, நகர மன்றம் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்க வேண்டும், இரண்டு கேட்டால் இரண்டும் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்டவாளத்துக்கு மேலே பாலமா, ஊரின் தாழ்ந்த பக்கத்துக்குக் கழிவுநீர்ப் பம்புகளா என்று பேச்சு. மன்றத்தில் இருக்கும் ஐந்து பேரில் நானும் ஒருத்தி என்றாலும் என்னை யாரும் கேட்கவே இல்லை, நான் பாலத்துக்குத்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். மேயர் கிளெட்டஸ் ஒரு பெட்டி கொலாச்சி பன்னோடு வீட்டுக்கு வந்து, “ஆர்லிஸ், வெர்னனுக்கு நடந்ததை நீயே ஒரு பக்கம் எழுதிக் குடு, மனுவோட வெச்சு அனுப்பலாம். என்ஜினியர் அம்பது பக்கம் எழுதினாலும் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது” என்றார். தப்பாக நினைத்துக் கேட்கவில்லை, உன் அப்பா மேல் அவருக்குப் பிரியம் அதிகம்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஜனவரிக் காலையில் அப்பா பனி வாரிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, நான் போன் செய்தது, டுவேன் சித்தப்பா ஓட்டி வந்த தீயணைப்பு நிலைய ஆம்புலன்ஸ், வழியில் குறுக்கே நின்றுவிட்ட சரக்கு ரயிலுக்கு அந்தப் பக்கம் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டது, எல்லாம் எழுதினேன். ‘அந்த ரயில் நகர்ந்திருந்தால்’ என்று அடுத்த வரியைத் தொடங்கினேன், அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏனென்றால் அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை ஜோலீன். இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, “ஆம்புலன்ஸ் உங்க வாசல்லயே நின்னிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா” என்றார். நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்க ரயில் பேச்சு. நீ ரயில் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாய், அந்தக் கோபம்தான் உன்னை நிற்க வைத்திருந்தது, அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. இதுவும் பாதி உண்மைதான். ஊரே எனக்காகக் கோபப்பட்டது, அதில் சாய்ந்துகொள்வது எனக்கும் ஆறுதலாக இருந்தது. பிறகு சொல்ல வேண்டிய நாள் தாண்டிப் போய்விட்டது.

மார்ச்சில் நகர மன்றக் கூட்டத்தன்று இறைச்சி ஆலையில் வேலை செய்யும் அடெலினா ஷிகாய் எழுந்து பேசினாள், அவள் வீடு தாழ்ந்த பக்கத்தில் கடைசித் தெருவில். “மழை பெஞ்சா சாக்கடை எங்க வீட்டுக்குள்ள ஏறுது. பிள்ளைங்கள மாடியில விட்டுட்டு வாளியோட கீழ எறங்குறேன். இந்த வருஷம் இதுக்குள்ள நாலு தடவ. யாராவது செத்தாத்தான் கேப்பீங்களா?” என்றாள். என்னை நினைத்து அவள் சொல்லவில்லை, ஆனால் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அவள் முகமும் அப்படியே சிவந்துவிட்டது. நான் எழுந்தேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “பாலம் ஒருநாள் வேணும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா என் புருஷன் சாவை அதுக்குச் சாட்சியா வெக்க முடியாது” என்று சொல்லி, பம்புகளுக்குக் கை தூக்கினேன். மூன்றுக்கு இரண்டு என்று பம்புகள் ஜெயித்தன. பின்வரிசையில் தீயணைப்புச் சட்டையோடு நின்றிருந்த டுவேன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு கடையில் என்னைப் பார்த்தால் சிலர் வேறு வரிசைக்குப் போனார்கள். கிளெட்டஸ் வாரக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் வாஷிங்டனிலிருந்து பட்டியல் வந்தது, நம் பம்புகள் அதில் இருக்கின்றன, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக. இரண்டு சபையும் ஓட்டுப் போடும்வரை எதுவும் நிச்சயமில்லை என்கிறார்கள். அடெலினா வாசலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

டுவேன் மட்டும் வரவில்லை. பாலத்தை விட்டுக்கொடுத்த கோபம் என்றே நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான், சமையலறையில் உட்கார்ந்தான், ஊற்றிய காபி ஆறிப்போயிற்று. கடைசியில், “அண்ணி, அன்னிக்கு நான் ஆத்துப் பாலம் வழியா எட்டு மைல் சுத்தி வந்திருந்தா?” என்றான். “வந்திருந்தாலும் இதேதான், டுவேன்” என்றேன். “ரயில் இப்ப நகரும், இப்ப நகரும்னு ஒக்காந்திருந்தேன் அண்ணி” என்றான். அதையே மூன்று நான்கு தடவை சொன்னான். அப்புறம் மேசையில் தலை வைத்து அழுதான், அறுபத்தொரு வயது மனுஷன். இந்த இரண்டு வருஷமும் அவன் அந்த ஆம்புலன்ஸை விட்டு இறங்கவே இல்லை. அவனை இறக்க என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது, அதை நான் எனக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று நீ அவனிடம், ஏன் சுற்றி வரவில்லை என்று கேட்டாயாம். எனக்குத் தெரியாது, அவன்தான் சொன்னான், உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டாய், உனக்குத் தெரியாமல் வைத்தது நான். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சித்தப்பாவுக்கு முதலில் போன் செய். இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் செய்தால் வீட்டில் இருப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள், தனியாகத் தொலைதூரம் வண்டி ஓட்டாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

உன் அம்மா,
ஆர்லிஸ் வோண்ட்ரா
கில்மன் ஃபோர்க், நெப்ராஸ்கா