புத்தகத்தின் பின்பாதி

பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நாம் பௌத்த நூல் வாசிப்புக் குழுவில் சேர்ந்த முதல் ஞாயிறு, குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் திரையில் நம் இருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாரே, நினைவிருக்கிறதா? "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "இவங்க பாதி வளர்த்த பையனை மீதி எங்க பொண்ணு வளக்குறா. சம்பந்தி." அன்றுமுதல் குழுவில் நமக்குப் பெயரே 'சம்பந்திங்க' என்றாகிவிட்டது.

அந்தச் சம்பந்திகளில் ஒருவரைச் சில வாரங்களாகக் காணவில்லை. போன் செய்தால், "கடையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் அப்படி என்ன லென்ஸ் தேய்க்கிறார்கள்?

என் வாய்தான் காரணமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பற்றைப் பற்றிய அதிகாரத்தைப் பேசியபோது வழக்கம்போல ஓர் உதாரணம் சொன்னேன். கல்யாணமாகிப் போன மகளுக்கு மூன்று வேளையும் போன் போட்டு 'சாப்ட்டியா' என்று கேட்பது, வேர் பிடித்துவிட்டதா என்று தினமும் செடியைப் பிடுங்கிப் பார்ப்பது மாதிரி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு உங்கள் கேமரா அணைந்தது. மின்சாரம் போயிருக்கும் என்று நானே குழுவுக்குச் சமாதானம் சொன்னேன்.

மனத்தாங்கல் எதையும் கைபேசியில் எழுதக் கூடாது, தாளில் எழுதித் தபாலில் போட வேண்டும் என்பது மருந்துக்கடைக்காரரின் விதி. தபால் பெட்டிவரை நடப்பதற்குள் பாதி ஆறிவிடுமாம். அதனால்தான் இந்தத் தாள்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. என் பாதி முடியப்போகிறது. அச்சில் இல்லாத அந்தப் புத்தகம் நமக்கு ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. ஊர் வேறு வேறு என்பதால் பைண்டரிடம் கொடுத்து நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். "பற்றை விடச் சொல்ற புத்தகத்துக்கே பாகப்பிரிவினை பண்ணிட்டீங்களே" என்று குழுவில் இன்றுவரை கேலி செய்கிறார்கள். யார் கையில் பக்கம் இருக்கிறதோ அவர் சனிக்கிழமை போனில் வாசிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? இனி உங்கள் முறை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

மருமகளும் போனை எடுப்பதில்லை. உங்களிடமாவது பேசுகிறாளா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

* * *

பிப்ரவரி 17

மதிப்புக்குரிய டீச்சர் அம்மாவுக்கு,

உங்களைப்போல எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செடி உதாரணம் சொன்ன அன்று என் மகள் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் பெட்டியோடு வந்திருந்தாள். திரையில் நீங்கள் யாரும் அவளைப் பார்த்திருக்க முடியாது. கணினிக்குப் பின்னால் கட்டிலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சொன்னது அவள் காதில் விழுந்தது. எல்லோரும் சிரித்ததும் விழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால் அவள் முகம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மின்சாரம் போகவில்லை டீச்சர்.

உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருப்பார், தெரிந்தே என்னைக் குத்துகிறீர்கள் என்று நினைத்து இத்தனை நாளும் பொருமிக்கொண்டிருந்தேன். 'உங்களிடமாவது பேசுகிறாளா' என்று கேட்டிருந்தீர்களே, அந்த வரியைப் படித்த பிறகுதான் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் பிரிந்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். அடிதடி இல்லை, நடுவில் வேறு யாரும் இல்லை. ஒரே வீட்டில் பேச்சே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். வக்கீலைப் பார்த்தாகிவிட்டது. சாமான்களையும் பிரித்துவிட்டார்களாம். சோபா அவருக்கு, பீரோ இவளுக்கு.

மூன்று வேளையும் போன் செய்தேனே, ஒரு வேளைகூட அவள் வாய் திறக்கவில்லை. 'சாப்ட்டியா' என்றால் 'சாப்ட்டேன்' என்பாள், அவ்வளவுதான். பிடுங்கிப் பார்த்துமா எனக்கு வேர் தெரியவில்லை?

இனி நாம் சம்பந்திகள் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் குழுவில் கூப்பிட்டால் எந்த முகத்தோடு உட்காருவது? பின்பாதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முழுப் புத்தகமும் உங்களிடமே இருக்கட்டும்.

நான் முடுக்கித் தந்த உங்கள் கண்ணாடியின் இடது காதுக் கம்பி இந்நேரம் தளர்ந்திருக்கும். அங்கேயே ஒரு கடையில் கொடுத்து முடுக்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.

* * *

மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் 'உங்களுக்கு' என்றே எழுதிவிட்டேன்.

மகனை வரச்சொன்னேன். வந்தான். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து டீ ஆறும்வரை ஆற்றிக்கொண்டே இருந்தான். "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன். அவன் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னான்: "சொன்னா நீ உதாரணம் சொல்லுவேம்மா."

அப்போதும் எனக்கு ஓர் உதாரணம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவன் வெகுநேரம் பேசினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பக்கம் இருக்கும் தவறுகளையும் அவனே சொன்னான். அவற்றை இங்கே எழுதி அவனை உங்களிடம் நல்லவனாக்கப் பார்க்க மாட்டேன்.

நல்வாய்மை அதிகாரத்தைப் படித்த வாரம் குழுவில் நான் எவ்வளவு அழகாகப் பேசினேன்! ஒரு சொல் உண்மையாக இருந்தால் போதாது, பயன் வேண்டும், கனிவு வேண்டும், நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். செடி உதாரணத்தில் நேரமும் தவறிவிட்டது, கனிவும் தவறிவிட்டது. எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் கண்ணுக்குத் தெரிவார்கள் என்ற வகுப்பறைப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. திரைக்குப் பின்னாலும் ஆள் இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றவில்லை. உங்களிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வரியை அவளிடம் காட்டுங்கள்.

போன ஞாயிறு அநித்தியம் பற்றிப் பேச்சு. லாரி டிரைவர் தம்பி வழக்கம்போல வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "எல்லாம் மாறும்னு எழுதியிருக்கு. எங்க மாமனார் கோபம் மட்டும் ஏன் சார் மாறல?" என்றார். மருந்துக்கடைக்காரர் சிரிக்காமல், "நீங்க போய்ப் பாத்தாதானே மாறிச்சான்னு தெரியும்" என்றார்.

முழுப் புத்தகமும் கையில் இருந்தது. சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து பின்பாதியைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் சொன்னது சரி, இடது காதுதான். நடுவில், "கொஞ்சம் நில்லுங்க, இது புத்தருக்குப் புரிஞ்சிருக்கும், எனக்குப் புரியல" என்று சொல்ல ஆளில்லை. ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

எனவே பின்பாதியைத் திருப்பி அனுப்புகிறேன். பாகப்பிரிவினை நடந்தது நடந்ததுதான். உங்கள் பாகத்தை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. வாசிப்பதும் மூடி வைப்பதும் உங்கள் விருப்பம். நான் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டேன். செடியைப் பிடுங்க மாட்டேன் என்று எழுத வந்தேன். பாருங்கள், மறுபடியும்!

அன்புடன்,
நான்

* * *

மார்ச் 15

டீச்சர் அம்மாவுக்கு,

புத்தகம் வந்து மேசையில் கிடந்தது. நானும் பிரிக்கவில்லை, எடுத்து உள்ளேயும் வைக்கவில்லை. என் மகள்தான் பிரித்தாள், கடிதத்தையும் வாசித்தாள். உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரிக்குச் சிரித்துவிட்டாள். "இதை அவங்ககிட்ட சொல்ல இவருக்கு இத்தனை வருஷம் ஆச்சா" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்து அழவும் செய்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். சாப்ட்டியா என்று கேட்கவில்லை.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏன் குழுவுக்குப் போவதில்லை என்று கேட்டாள். உனக்காகத்தான், உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்மேல பழியப் போடாதம்மா. அவங்க எனக்கு மாமியாரா இருந்தாங்க. அது முடிஞ்சுது. உனக்கு யாருன்னு நீதான் சொல்லணும்."

லென்ஸ் தேய்க்கும் மெஷினில் உட்கார்ந்தாலும் அதே யோசனை. ஒரு கண்ணாடியின் ஓரத்தை உடைத்துவிட்டேன்.

உங்கள் மகன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போய்விட்டது என்று மரியாதைக்காக எழுத மாட்டேன். உங்கள்மேல் இருந்த கோபம் தபால் பெட்டிவரை நடந்தும் போகவில்லை. போய்த் திரும்பி வந்த பின்பாதியோடு எங்கேயோ தவறிவிட்டது போலிருக்கிறது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒரு சங்கடம். ஞாயிறு நான் திரையில் வந்தால் மருந்துக்கடைக்காரர், "வாங்க சம்பந்தி" என்பார். இல்லை என்று சொன்னால், அப்படியானால் என்ன உறவு என்று பழைய கேள்வியையே கேட்பார். நான் என்ன சொல்லட்டும்? எனக்கு அக்காவும் இல்லை நீங்கள், தோழி என்று சொல்ல வயதும் இடிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள். உதாரணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கடைக்காரி

* * *

மார்ச் 23

அன்புள்ள பின்பாதிக்கு,

கடிதம் வந்ததும் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை.

உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவள் விரும்பும் நாளில், விரும்பினால், என்னோடு பேசட்டும். என் மகன்மேல் உள்ள கோபம் உங்களுடையது. அதில் நான் கைவைக்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டே வாருங்கள். குழுவில் கோபம் இல்லாதவர்கள்தான் வர வேண்டும் என்றால் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் திரையில் இருப்பார். அவரும் சந்தேகம்தான்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். சில நாள் யோசித்தேன். அத்தை, அக்கா, சித்தி என்று நம்மிடம் அத்தனை உறவுமுறை இருந்தும் இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகள் கொடுத்த பெயரைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். பெயர் போன பிறகும் சனிக்கிழமை வந்தால் நான் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் அவர் கேட்டால் இப்படிச் சொல்லிவிடுங்கள்: "முதல் பாதி அவங்ககிட்ட இருக்கு, மீதி எங்கிட்ட இருக்கு." அதற்கு மேல் கேட்க மாட்டார்.

கண்ணாடியின் இடது காதை இங்கே யாரிடமும் கொடுக்கவில்லை. கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு?

இந்தச் சனிக்கிழமை போனை எடுத்து, நலம் விசாரிக்காமல், மன்னிப்பும் கேட்காமல், ஒரு மூச்சு விட்டுவிட்டு முதல் வரியை வாசியுங்கள்.

உங்கள்
முன்பாதி