பறக்காத தகப்பன்

அன்பு றஞ்சினிக்கு,

மாதாவின் தயவால் நான் சுகம். உமக்குத் தையல் ஆறிவிட்டதா? பிள்ளை நித்திரை கொள்கிறாளா?

என் முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம். பண்ணையில் அடைகிடந்த ஈமுப் பறவையை எழுப்பி முட்டை எடுக்கச் சொன்னார்கள். ஊரில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவோமே, அந்த நினைவில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். எழும்பி உதைத்துவிட்டது.

கூட வேலை செய்யும் வவுனியா லக்ஷன் சிரித்தான். "அண்ணை, உது பேடில்லை, தகப்பன். பேடு முட்டையை இட்டிட்டுப் போயிட்டுது. குஞ்சு பொரிக்குமட்டும் உவர் தின்னாமல் கிடப்பார்."

அன்றிலிருந்து அதைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. அதற்குப் பறக்கத் தெரியாது. உழைத்து வா என்று அதை ஒருவரும் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றிவிடவில்லை.

லக்ஷனின் தமையன் தை மாதம் இங்கே வருகிறார். பிள்ளையின் சட்டை ஒன்றைத் தோய்க்காமல் அவரிடம் கொடுத்துவிடும்.

ஞாயிறு ஞானஸ்நானத்தில் உம்முடைய தம்பி கொலின்ஸ் பிள்ளையை ஏந்தட்டும். பூசை முடிந்த கையோடு வாங்கிவிடும்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வாசலுக்கு வந்துவிட்டது. கொலின்ஸைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால், எனக்கு எழுத வேண்டாம்.

உமது
ஸ்ரனிஸ்லஸ்